கடக்வாஸ்லா வானத்தில் ஒரு பொட்டு

வானவடி, புனே
புதன்கிழமை காலை

அன்புள்ள ஆனந்திக்கு,

பத்ரி எழுதுவது. இங்கே நானும் சுவரில் உள்ள இருபத்தொரு படங்களும் நலம். அங்கே நீயும் அம்முவும் மாப்பிள்ளையும் மூன்று மாதத்துப் பேரனும் நலம் என்பதைத் தினமும் போனில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மொத்தம் இருபத்திரண்டு படம் ஆயிற்றே என்று நீ இந்நேரம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்திருப்பாய். கொஞ்சம் பொறு. அந்த ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

தினமும் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். எதிர் வீட்டு ராம்கிக்குக் கனடாவில் உங்கள் எட்மன்டனிலேயே வேலை கிடைத்துச் சனிக்கிழமை மாலை கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்பலாம் என்று எழுதுகிறேன். போனில் சொன்னால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

மூன்று நாளாக ஏன் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். ஹாலில் ஃபேன் சத்தம் போடுகிறது என்றேன். ஃபேனில் ஒரு சத்தமும் இல்லை. ஹாலில் உட்கார்ந்தால் என் தலைக்குப் பின்னால் சோபா சுவர் தெரியும். உன் கடக்வாஸ்லா அணைப் படம் இருந்த இடத்தில் இப்போது வெறும் ஆணி மட்டும் இருக்கிறது.

படபடக்காதே. படம் தொலையவில்லை, யாரும் எடுத்துப் போகவும் இல்லை. அதற்கு நான் பொட்டு வைத்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். போன புதன்கிழமை ஆயுத பூஜை. நவராத்திரிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் ஜூன் மாதம் அம்முவின் பிரசவத்துக்குப் போனாய். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாய், அப்புறம் ரத்தே செய்துவிட்டாய். அம்மா இங்கேயே இருந்துடட்டும்ப்பா, நீங்களும் வந்துடுங்க என்று அம்மு சொன்னபோது, புனேயை விட்டு நான் எங்கேயும் வருவதாக இல்லை என்று கோபமாகப் போனை வைத்தேன். நீ என்ன முடிவு செய்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நீயாகவும் சொல்லவில்லை. ஆக, கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தனியாக ஆயுத பூஜை செய்தேன்.

ஃபேக்டரியில் இருந்தவரை என் மைக்ரோமீட்டர், கேஜ், ஸ்டாம்பு இவற்றுக்கு அங்கேயே பொட்டு வைத்துவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு வருவேன். வீட்டுச் சாமான் எல்லாம் உன் பொறுப்பு. இந்த வருடம் உன்னைப் போலவே சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து மிக்சி, கேஸ் அடுப்பு, ஸ்கூட்டர், இஸ்திரிப் பெட்டி, வாசல் கதவுப் பூட்டு வரைக்கும் வைத்து முடித்தேன். கிண்ணத்தில் பாதி மிச்சம் இருந்தது. அப்போதுதான் உன் ஆயுதம் எது என்று யோசித்தேன். பேங்கில் வேலை பார்த்தபோது உன் பேனாவைப் பூஜையில் கொண்டுவந்து வைப்பாய். ரிட்டயர் ஆன பிறகு என்ன வைத்தாய் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. நான் கவனித்திருந்தால்தானே வரும்! இந்த வீட்டில் உன்னுடையது என்று சொல்ல இருப்பவை சுவரில் இருக்கும் படங்கள்தான். நீ இல்லாவிட்டால் என்ன, உன் பங்குக்கு நான் வைக்கிறேன் என்று கிளம்பினேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான் ஆனந்தி, அதை மட்டும் நம்பு.

கண்ணாடி போட்ட படங்களுக்குக் கண்ணாடி மேல் வைத்தேன். மரச் சட்டம் உள்ள படங்களுக்குச் சட்டத்தின் உச்சியில் வைத்தேன். கடக்வாஸ்லா படத்துக்குக் கண்ணாடியும் இல்லை, சட்டமும் இல்லை. சாமி படம் என்றால் நெற்றி தெரியும். தண்ணீரும் மேகமுமாக இருக்கிற படத்துக்கு நெற்றி எது? கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வானத்தில் நட்ட நடுவில் மோதிர விரலால் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்படித்தான் எனக்குப் பட்டது.

மறுநாள் தசராவுக்கு உன் சிநேகிதி ஸ்டெல்லா மூன்றாவது மாடியிலிருந்து ஆப்டா இலையோடு இறங்கி வந்தாள். ஊர் வழக்கப்படி அதைத் தங்கம் என்று என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என்னம்மா, சூரியன் உதிச்ச மாதிரி அழகா இருக்கில்ல என்று பெருமையாகக் கேட்டேன். அவள் மெதுவாக, அந்தப் படத்துல சூரியனே கிடையாதேண்ணே, ஆனந்தி அதுக்காகத்தானே அதை வாங்கினா என்றாள்.

அவள் போனதும் பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் கரைந்து கீழே வழிந்தது. அதோடு விட்டிருக்கலாம். முப்பத்தாறு வருடம் ஃபேக்டரியில் கறை என்றால் என்ன செய்வோம்? பால்கனியில் ஸ்கூட்டர் செயினுக்காக வைத்திருந்த கெரசினில் பஞ்சை நனைத்துத் தேய்த்தேன். குங்குமம் போயிற்று. கூடவே வானமும் போயிற்று. பழைய ஐம்பது பைசா அகலத்துக்குத் துணி வெளுப்பாகத் தெரிகிறது, அதில் இன்னும் லேசாக ஒரு சிவப்பு.

எவ்வளவு சேதம் என்று பார்க்க, இன்ஸ்பெக்‌ஷனில் உபயோகித்த என் பழைய லென்ஸை எடுத்துவந்து கண்ணில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஆனந்தி, அந்த வானம் சாம்பல் நிறம் என்றுதானே முப்பத்தொரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். லென்ஸில் பார்த்தால் ஒரு இடத்தில்கூடச் சாம்பல் இல்லை. கத்தரிப்பூ நிறம் இருக்கிறது, பாசிப்பச்சை இருக்கிறது, துரு மாதிரி ஒன்று, வெங்காயத் தோல் மாதிரி ஒன்று. எல்லாம் தனித்தனியாகக் கிடக்கின்றன. நாலடி தள்ளிப் போனால் சாம்பலாகிவிடுகிறது. நான் கிட்டே போவதும் பின்னால் வருவதுமாக இருந்தேன். சமையல் செய்ய மறந்து, ஸ்டெல்லா கொண்டுவந்திருந்த பிரியாணியை ஆறிப்போன பிறகு சாப்பிட்டேன்.

வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவளுக்கு இதைச் சொன்னால் அடியோடு வரமாட்டாள் என்ற பயத்தில்தான் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். இப்போது எழுதிவிட்டேன். திட்டிக்கொள். நாளைக்கு, இதை வரைந்த ஜெயந்த் அவர்களைப் பார்க்கப் போகிறேன். ஸ்டெல்லா விலாசம் கொடுத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை சாயங்காலம்

போய்விட்டு வந்தேன். உன் பழைய நூல் புடவை ஒன்றில் படத்தைச் சுற்றி, ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு நாராயண் பேட் வரைக்கும் போனேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் டிரைவரிடம் ஹளூ ஹளூ, மெதுவா மெதுவா என்று கத்திக்கொண்டே போனதில், உள்ளே என்ன மாமா, முட்டையா என்று கேட்டான்.

வாடா என்று இங்கே சொல்கிற பழைய காலத்துப் பெரிய வீடு, மூன்று மாடி மரப்படி. ஜெயந்துக்கு என் வயதுதான் இருக்கும். நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, பட்டியலுக்காக வந்தீர்களா, அக்கா உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று மராத்தியில் கேட்டார். எந்தப் பட்டியல் என்று கேட்டேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதன் பிறகு நான் விடுவேனா?

அவர் மேல் கோபப்படாதே. அவர் மறைக்கத்தான் பார்த்தார். நான் விடாப்பிடியாக வாங்கிப் பார்த்தேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் நீ உன் கைப்பட மராத்தியில் எழுதிக் கொடுத்த தாள். நான் திரும்பி வராவிட்டால் என்று மேலே எழுதியிருந்தாய். இரண்டு படம் ஸ்டெல்லாவுக்கு. ஒன்று நீ வேலை பார்த்த கிளைக்கு. எட்டு, போசரியில் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு, வராந்தாவில் மாட்ட. மற்றவை ஜெயந்துக்கு, அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். என் கணவர் இவற்றை வைத்துக்கொள்ள மாட்டார், பழைய பேப்பர்காரன் கையில் போவதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி.

மராத்தியில் எழுதிக்கொண்டே வந்தவள் கடைசி வரியை மட்டும் தமிழில் எழுதியிருந்தாய். ஜெயந்துக்குப் படிக்கத் தெரியவில்லை. இது உங்களுக்குத்தான் இருக்கும், என்ன எழுதியிருக்கிறார் என்று என்னையே கேட்டார். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். பாதியில் தாளை மடியில் வைத்துவிட்டேன். நீ எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். "இருபத்திரண்டாவது, கடக்வாஸ்லா. இது அவருக்கு. இதை மாட்டிய அன்று பார்த்துவிட்டு, மழை வரும்போல இருக்கு, துணியை எடுத்தாச்சா என்று கேட்டார். என் படங்களில் ஒன்றை அவர் பார்த்தது அந்த ஒரு நாள்தான்."

எனக்கு அப்படிக் கேட்டதாக ஞாபகமே இல்லை. வெகுநேரம் யோசித்த பிறகு லேசாக வருகிறது. கட்கியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், ஷிஃப்ட் முடிந்து வந்து டீ டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சுவரில் ஜன்னலே கிடையாது. நான் சொன்னதை நீ சொத்து மாதிரி இத்தனை வருடம் வைத்திருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கென்று நீ ஒதுக்கிய ஒரே படம். அதன் வானத்தைத்தான் கெரசின் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

ஜெயந்த் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படத்தை ஜன்னல் பக்கம் வைத்து வெகுநேரம் பார்த்தார். பொட்டுக் கதையைக் கேட்டுச் சிரித்தார். அப்புறம் அவர் சொன்ன கதை எனக்குப் புதிது. உனக்கு அப்போது கடக்வாஸ்லா கிளையில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அணைப் பக்கம் நடந்து வந்தவள், ஒருவர் நின்றபடி வரைவதைப் பார்த்து டிபன் டப்பாவைத் திறக்காமலே நின்றாயாம். மழை பிடித்துக்கொண்டதும் அவர் டீக்கடைத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கி வானத்தை அவசரமாக முடித்தாராம். அதனால்தான் அந்த இடத்தில் பூச்சு மெல்லிசு. காயட்டும், அடுத்த வாரம் தருகிறேன் என்றாராம். அடுத்த வாரம் இந்த வானம் எனக்கு மறந்துவிடும், இப்போதே கொடுங்கள் என்று ஈரப் படத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாயாம். கண்டக்டர் முன் சீட்டில் இருந்த ஆளை எழுப்பி உன்னை உட்காரவைத்தானாம்.

அன்று சாயங்காலம் கட்டைவிரலில் நீலமும் பச்சையுமாக நீ வீட்டுக்கு வந்தது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு நேரம் எங்கே சுத்திட்டு வரே, குழந்தை அழுதுட்டு இருக்கா என்று கத்தினேன்.

இந்த மாதிரி நிறங்களைத் தனித்தனியாகத் தீற்றி வரைவதை இம்ப்ரெஷனிஸ்ட் பாணி என்று நீ ஒருதடவை விளக்க வந்தாய். ஒரு கோடுகூட நேரா இல்லை, எங்க செக்‌ஷன்ல இதெல்லாம் ரிஜெக்ட் என்று சொல்லி உன் வாயை அடைத்தேன். லென்ஸில் பார்த்ததை ஜெயந்திடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம், உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

சரிசெய்து தர முடியுமா என்று கடைசியாகக் கேட்டேன். முடியும், ஆனால் அன்றைய வெளிச்சம் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போது தெரியாது, நான் கலக்குவது சரியா தப்பா என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அன்றைக்கு அந்த வானத்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர், இன்னொருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார் என்றார். என் வீட்டில் இல்லையே என்று நினைத்துக்கொண்டே, படத்தை அவரிடம் வைத்துவிட்டுப் படி இறங்கினேன்.

திரும்பி வரும்போது முதலில் உன் மேல் கோபம் வந்தது. வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊரான் வீட்டில் உயில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே என்று பொருமிக்கொண்டே வந்தேன். ஸ்வார்கேட் தாண்டியதும் அந்தக் கோபம் என் மேல் திரும்பியது. நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. போன வருடம் தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது, இத்தனையையும் எடைக்குப் போட்டாதான் இந்த வீட்டுக்குச் சுவர் இருக்குன்னே தெரியும் என்று பெயிண்டர்கள் எதிரில் சொன்னேன் அல்லவா? நீ ஒவ்வொன்றாக இறக்கிப் படுக்கை மேல் அடுக்கினாய்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

இன்றைக்குக் கடக்வாஸ்லா போனேன். ஸ்வார்கேட்டில் பஸ் ஏறி, கூட்டத்தில் நின்றுகொண்டே. கடக்வாஸ்லா போலாமா என்று நீ கேட்கும்போதெல்லாம், அதான் வீட்டுலயே மாட்டி வச்சிருக்கியே, டிக்கெட் மிச்சம் என்று கிண்டல் செய்தவன் எழுபத்தொரு வயதில் தனியாகப் போய் இறங்கினேன். நீ ஒவ்வொரு படம் வாங்கும்போதும் எங்கே நின்று வரைந்தீர்கள் என்று கேட்டு, பின்னால் ஒருநாள் அந்த இடத்துக்கே போய் நின்று பார்த்துவிட்டு வருவாயாமே. ஜெயந்த் சொன்னார். பர்வதி குன்று, முளா முட்டா ஆற்றங்கரை, சிம்மகட் அடிவாரம் என்று இத்தனை இடமும் தனியாக, பஸ்ஸில். என்னிடம் ஸ்டெல்லா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்பாய்.

ஜெயந்த் சொன்ன அடையாளப்படி சோளக்கதிர் வண்டிகள் முடிகிற இடத்தில் உட்கார்ந்தேன். டீக்கடை இப்போது இல்லை. அக்கரையில் ராணுவ அகாடமிப் பக்கம் மரங்கள் கறுப்பாக இருந்தன. முதல் அரைமணி நேரம் எனக்குத் தண்ணீர் தண்ணீராகத்தான் தெரிந்தது. போன காரியம் ஆகவில்லை என்று எழுந்திருக்கப் போனேன். மேகம் வந்து வெயிலை மறைத்ததும் எதிரில் மூன்றே பட்டை மிச்சம் இருந்தது. கீழே ஈரச் சேறு, நடுவில் தண்ணீர், மேலே வெளுப்பான வானம். எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். சாப்பாட்டு மேஜைக்கு மேலே இருக்கிறதே, அகல்யா என்ற பெண் வரைந்த அந்த அப்ஸ்ட்ராக்ட், வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பெயர் தெரியாத நாட்டுக் கொடி என்று நான் காட்டிச் சிரிப்பேனே, அதேதான். பதினாலு வருடம் அதற்குக் கீழே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். கொடிக்கு நாடு இன்றைக்குத்தான் கிடைத்தது. அந்தக் கிண்டலுக்கு முதல் தடவை நீயும் சிரித்தாய். அப்புறம் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சோளக்கதிர் விற்கிற அம்மாள் நான் வெகுநேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் பாபா என்று மராத்தியில் கேட்டாள். என்னை அறியாமல், வீட்டுக்காரிக்காக என்று சொல்லிவிட்டேன். அவள் இரண்டு கதிராகச் சுட்டுக் கொடுத்தாள். இல்லை, ஒன்று போதும் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்து ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். நன்றாகவே இருந்ததாம்.

சனிக்கிழமை மத்தியானம்

ராம்கி இன்னும் சற்று நேரத்தில் கடிதம் வாங்க வருவான். சொல்ல வேண்டியதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முதுகுத் தண்டில் டிஸ்க் விலகி மூன்று மாதம் ஹாலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தேனே, அந்த வருடம் நினைவிருக்கிறதா? திரும்பிக்கூடப் படுக்க முடியாது. எதிரில் அந்தச் சுவர் மட்டும்தான். அதில் மஞ்சள் வயல் படம் ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் விழும்போது பற்றிக்கொண்ட மாதிரி இருக்கும். தினமும் நாலு மணி ஆகட்டும் என்று காத்திருப்பேன். வாராவாரம் நான் தூங்கும்போது நீ ஒரு படத்தைக் கழற்றி வேறு ஒன்றை மாட்டினாய். எனக்குத் தெரியும். தூசு தட்டி இடம் மாற்றி மாட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அது எனக்காக என்று இந்த வாரம்தான் உறைத்தது. அந்த மூன்று மாதத்தில் நான் பைத்தியம் பிடிக்காமல் எழுந்து நடந்ததற்கு டாக்டருக்கு நன்றி சொன்னேன், முருகனுக்கு மொட்டை போட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ரொம்ப நன்றி ஆனந்தி.

நீ இல்லாத இந்த நாலு மாதத்திலும் வீடு வெறிச்சோடிப் போகவில்லை. எந்த அறைக்குப் போனாலும் ஏதாவது ஒரு ஊரின் மழையோ வெயிலோ இருக்கிறது. குருடன் மாதிரி இருந்தவனுக்கு இத்தனையும் வாங்கி மாட்டிவைத்தாய். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்தும் நிறுத்தாமல் வாங்கினாயே, அதற்கும் நன்றி. என் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு எனக்குப் பார்க்க என்ன இருந்திருக்கும்?

அம்முவுக்கு நீ அங்கே எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். வா என்று கட்டளை போட மாட்டேன். அந்த மாதிரி போட்டதெல்லாம் போதும். நீ அங்கேயே இருக்கிறேன் என்றால் அதையும் எழுது. புனேயை விட்டு வரமாட்டேன் என்று அன்றைக்குக் கத்தியதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். குளிர் எனக்கு ஆகாது, இருந்தாலும் ஸ்வெட்டர் என்று ஒன்று இருக்கிறதே. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஜெயந்திடம் இருக்கும் பட்டியலை மாற்றி எழுது. இருபத்திரண்டுக்கும் எதிரே என் பெயரைப் போடு. ஸ்டெல்லாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், போசரிப் பிள்ளைகளுக்கு வேறு படம் நாம் இருவரும் போய் வாங்கலாம்.

எங்கள் இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. சாமான் வரைபடத்தின்படி இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் சிவப்பு பெயிண்ட் அடித்து ரிஜெக்ட். இரண்டுக்கும் நடுவில் டீவியேஷன் என்று ஒன்று இருக்கிறது. சாமானில் குறை இருக்கிறது, ஆனால் இந்தக் குறையோடு எனக்குச் சம்மதம் என்று அதை உபயோகிக்கிறவர் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்ளலாம். என் முப்பத்தாறு வருட சர்வீஸில் யாருக்காகவும் நான் அதற்குச் சிபாரிசு செய்ததில்லை. கெஞ்சியவர்களைக்கூடத் துரத்தியிருக்கிறேன். முதல் தடவையாக ஒரு படிவம் எழுதுகிறேன். ஃபார்மெட் மறக்கவில்லை.

பொருள்: கடக்வாஸ்லா, ஆடி மாத மத்தியானம். எண்ணிக்கை ஒன்று.
குறை: வானத்தில் ஒரு பொட்டு அளவு வெறுமை.
காரணம்: சரிபார்ப்பவரின் அறியாமை. பொருளின் மேல் தவறு இல்லை.
திருத்த முடியுமா: முடியும். உபயோகிப்பவர் பக்கத்தில் நின்றால்.
உபயோகிப்பவர் கையெழுத்து:

அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துத் திருப்பி அனுப்பினாலும் போதும். நேரில் வந்து போட்டாலும் சரி. படத்தை ஜெயந்திடமே வைத்திருக்கிறேன், நீ வந்து நிற்கும்வரை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆணியைப் பிடுங்கவில்லை. ஸ்டெல்லா கொடுத்த தங்க இலையில் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன், காய்ந்து போயிருக்கும், எடுக்கும்போது உடைந்துவிடாமல் பார்த்துக்கொள். அடுத்த தசராவுக்குப் பச்சையாகவே பறித்து என் கையால் தர வேண்டும் என்று இருக்கிறது. குழந்தைக்கு என் முத்தம், அம்முவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம். நீ எங்கே இருந்தாலும் நல்ல வெளிச்சத்தில் இரு.

உன்
பத்ரிநாத்

பி.கு.: வானவடிப் பக்கம் நிஜமாகவே இருட்டிக்கொண்டு வருகிறது, மழை வரும்போல இருக்கிறது. பீரோ வாடை பிடிக்காமல் இருக்க உன் புடவைகளை இன்று வெயிலில் போட்டிருந்தேன். கவலைப்படாதே, துணியை எடுத்தாச்சு.